அடுத்த தெருவில் மட்டும் மழை

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஆடி மாதத்து மாலை ஒன்றில் அடுத்த தெருவில் மழை கொட்டித் தீர்த்தது, எங்கள் மொட்டை மாடிக் கொடியில் கிடந்த துணியில் ஒரு பொட்டு ஈரம்கூட இல்லை. என் சிறுவயதில் மழை என்றால் ஊருக்கே பெய்யும். இப்போது வானம் கெட்டுப்போய்விட்டதா?
— வாசகி, மேற்கு மாம்பலம், சென்னை

பதில்: வெவ்வேறு பருவத்து மழைகளை நீங்கள் ஒப்பிடுகிறீர்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. இளமை நினைவில் தங்கியிருப்பது பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகை அடைமழை. வங்கக் கடலில் உருவாகும் காற்றழுத்தத் தாழ்வுப் பகுதியின் மேகக்கூட்டம் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பரந்து கிடப்பதால் மாவட்டம் முழுவதும் சேர்ந்து நனையும். பள்ளிக்கூடத்துக்கும் விடுமுறை விடுவார்கள், அதனால் அது மறப்பதும் இல்லை.

நீங்கள் ஆடியில் கண்டது வெப்பச்சலன மழை. பகலெல்லாம் காய்ந்த தரை தன்மேல் உள்ள காற்றைச் சூடாக்கி மேலே அனுப்ப, கிழக்கிலிருந்து ஊருக்குள் நுழையும் கடற்காற்று, மேற்கிலிருந்து வரும் பருவக்காற்றோடு எந்த இடத்தில் முட்டிக்கொள்கிறதோ அங்கே இடிமேகங்கள் கிளம்புகின்றன. அத்தகைய தனி மேகம் ஒன்று 12 கிலோமீட்டருக்கு மேலும் உயர்ந்து நிற்கக்கூடும். ஆனால் அதன் அகலம் சில கிலோமீட்டர்தான், ஆயுளும் பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அதன் மழைவிளிம்பு எங்கேனும் ஓரிடத்தில் முடிந்துதானே ஆக வேண்டும்? அன்று அது உங்கள் இரு தெருக்களுக்கும் நடுவே முடிந்திருக்கிறது. நுங்கம்பாக்கத்து மழைமானியில் நல்ல மழை பதிவான நாளில் மீனம்பாக்கத்தில் ஒன்றுமே பதிவாகாதிருப்பது வானிலைத் துறைக்குப் புதிய செய்தி அன்று.

கேள்வி: ‘ஓரிரு இடங்களில் மழை பெய்யக்கூடும்’ என்று அறிவிக்கிறார்கள். எங்கு பெய்தாலும் அறிவிப்பு பலித்துவிடுமே, இது தப்பிக்கும் வழிதானே?
— வாசகர், வேலூர்

பதில்: இல்லை, அதற்கு ஒரு கணக்கு உண்டு. ஒரு பகுதியிலுள்ள மழை பதிவு நிலையங்களில் 25 விழுக்காடு வரை மழை பெறும் என்று எதிர்பார்த்தால்தான் அப்படிச் சொல்வார்கள். ஒரு மாவட்டத்தில் இடிமேகம் எழும் வாய்ப்பை முன்கூட்டிச் சொல்லலாம். எந்தத் தெருவில் இறங்கும் என்பது மேகம் திரண்டு ரேடாரில் தெரிந்த பிறகே தெரியும்.

கேள்வி: எழுபதுகளில் எங்கள் ஊர்த் திடலில் விளையாடும்போது, மழை வெள்ளைத் திரைபோல வருவதைப் பார்த்து அதற்கு முன்னே ஓடி வீடு சேர்வோம். பேரப்பிள்ளைகள் நம்ப மறுக்கிறார்கள்.
— ஓய்வுபெற்ற ஆசிரியர், புதுக்கோட்டை மாவட்டம்

பதில்: தாராளமாக நம்பலாம். மெல்ல நகரும் மேகமாக இருந்தால் சிறுவர்களால் அதை முந்திவிட முடியும். மழைக்கு முன்பாகப் புழுதியை வாரிக்கொண்டு குப்பென்று ஒரு குளிர்காற்று வந்திருக்குமே, அது மழையால் குளிர்ந்து கீழிறங்கிய மேகத்துக் காற்று தரையில் மோதிப் பரவுவது. அதன் பின்னே புழுதியில் காசு அளவுக்கு வட்டங்கள் விழும். 5 மில்லிமீட்டர் துளி நொடிக்கு ஏறத்தாழ 9 மீட்டர் வேகத்தில் இறங்கும். 1 மில்லிமீட்டர் துளிக்கு அதில் பாதி வேகம்கூட இல்லை, வறண்ட காற்றில் அது வழியிலேயே ஆவியாகியும் விடும். ஆகவே பெருந்துளிகளே முதலில் தரை சேர்கின்றன. அப்போது எழும் மண்வாசனையில் மண்ணில் வாழும் நுண்ணுயிரிகள் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்ற பொருளுக்குப் பெரும் பங்கு உண்டு. பேரப்பிள்ளைகளின் மீதும் குற்றமில்லை. அடுக்குமாடிகளுக்கு நடுவே வளர்கிறவர்களுக்குத் தொலைவில் வரும் மழையைக் காண அடிவானம் ஏது?

கேள்வி: அப்படியானால் மழையில் மாற்றமே இல்லையா?
— வாசகர், திருச்சி

பதில்: உண்டு. வெப்பநிலை 1 டிகிரி செல்சியஸ் உயர்ந்தால் காற்று ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுதலாக நீராவியைத் தாங்கும். அதனால் பெய்யும்போது வலுத்துப் பெய்யும் வாய்ப்பு கூடுகிறது. ஆனால் ஒரு மாலை மழையையோ ஒருவருடைய நினைவையோ வைத்து இதை முடிவுசெய்ய இயலாது, நீண்ட காலப் பதிவுகள் வேண்டும். 2015 நவம்பரில் சென்னையில் 1,049 மில்லிமீட்டர் மழை பெய்தபோது முன்பு கண்டிராத மழை என்றார்கள். 1918 நவம்பரில் 1,088 மில்லிமீட்டர் பதிவாகியிருக்கிறது.