முகம் பார்த்துச் சொல்கிறேன்: வாசகிகள் கேள்வி, பதில்

கேள்வி: ஏ.எல். எழுதிவிட்டு வீட்டில் இருக்கிறேன். ஹட்டன் டவுனில் ஒரு ஃபேன்சி கடையில், காஸ்மெட்டிக் கவுண்டரில் வேலை கிடைத்திருக்கிறது. எனக்கு மணப்பெண் அலங்காரம் பழக ஆசை. "சாமான் எடுத்துக் கொடுத்து என்னத்தைப் பழகப் போகிறாய், கோர்ஸ் ஒன்று செய்" என்கிறார் அம்மா. கவுண்டரில் நின்றால் மேக்கப் கைவருமா அக்கா?
(வாசகி, மஸ்கெலியா)

பதில்: வரும் தங்கச்சி. எனக்கு அப்படித்தான் வந்தது. ஆறு வருடம் கவுண்டரில் நின்றவள் நான். அதற்கு முன் எனக்கு நன்றாகத் தெரிந்த முகம் என்னுடையது ஒன்றுதான். அதை வைத்துக்கொண்டு எல்லாம் தெரியும் என்று நினைத்திருந்தேன்.

சேர்ந்த மாதம், ஒரு சம்பள நாள். கொழுந்து எடுக்கிற அக்கா ஒருவர் வந்தார். மகளுக்குச் சடங்கு வைத்திருக்கிறார், தனக்கும் ஒரு ஃபவுண்டேஷன் வேண்டும் என்றார். எல்லாரும் செய்வதுபோல நானும் அவருடைய கையில் தடவிப் பார்த்தேன். விரலெல்லாம் கொழுந்துக் கறை, புறங்கை வெயிலில் கறுத்தது. அந்தக் கைக்குப் பொருந்திய நிறத்தை முகத்தில் வைத்தால் முகம் இருண்டுபோனது. முகமாவது ஒரே நிறமா என்றால் அதுவும் இல்லை. கூடைக் கயிற்றுக்குக் கீழே துணி மடித்துப் போடுகிற நெற்றியின் மேல்பாகம் வெளுப்பு, கன்னமேடு கறுப்பு, வாயைச் சுற்றி வேறொரு நிறம். மூன்று போத்தலைத் திறந்தேன், மூடினேன். பிறகு தாடை ஓரத்தில், முகமும் கழுத்தும் சேருகிற இடத்தில், மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் கோடாக இழுத்து, அவரைக் கடை வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். இரண்டு கோடு பளிச்சென்று தெரிந்தது. ஒன்றைத் தேட வேண்டியிருந்தது. தேட வைத்ததுதான் அவருடைய நிறம்.

அன்றிலிருந்து யாருக்கும் கையில் தடவிப் பார்த்ததில்லை. டியூப் லைட்டின் கீழே நிறம் சொன்னதும் இல்லை. நம் ஊரில் மூடுபனி இறங்கிய நாளில் வெளிச்சம் முகத்தில் சீராக விழும், நிழல் இருக்காது. நிறம் பார்க்க எனக்கு அதுதான் பிடித்த வெளிச்சம். பூசியதும் முடிவு சொல்லிவிடாதே. சில ஃபவுண்டேஷன் காற்றும் சருமத்து எண்ணெயும் பட்டு, பத்துப் பதினைந்து நிமிடத்தில் ஒரு படி கறுக்கும். "மற்ற சாமானையும் வாங்கிட்டு வாங்கக்கா, அப்புறம் பார்ப்போம்" என்று அனுப்பிவிடுவேன். மார்க்கெட்டுக்குப் போய் மரக்கறிப் பையோடு அவர்கள் திரும்பி வரும்போது சரியான நிறம் தெரிந்துவிடும்.

நம் பெண்களின் கண்ணுக்குக் கீழே உள்ள கருமையைப் பார். நம் தோலில் அது நீலம் கலந்த சாம்பலாகத் தெரியும். கருமையை மறைக்கப் பூசுகிற வெளிர்நிற கன்சீலரை நேரே பூசினால் சாம்பல் அப்படியே மேலே வரும். முதலில் ஆரஞ்சு நிறக் கரெக்டரை ஒரு பொட்டளவு தட்டினால் நீலம் அடங்கும். இதை எனக்கு ஒரு வீடியோவும் புரிய வைக்கவில்லை. ஒரே பிற்பகலில் நாலு பேருக்குத் தட்டிப் பார்த்தபோதுதான் எவ்வளவு போதும் என்று விரலுக்குத் தெரிந்தது.

கைப்பழக்கமும் அங்கேதான். கண்ணாடியில் உன் கண்ணுக்கு மை இழுப்பது வேறு, எதிரே நிற்கிறவரின் கண்ணுக்கு இழுப்பது வேறு. சுண்டுவிரலை அவர் கன்னத்தில் ஒரு பவுடர் பஃப் வைத்து ஊன்றிக்கொள். கண்ணை இறுக்கி மூடச் சொல்லாதே, மடியைப் பார்க்கச் சொல். ஒரே இழுப்பில் போகாமல் சின்னச் சின்னதாகச் சேர்த்துக்கொண்டு போ. அறுபது வயது அம்மா என்றால் கண்ணைத் திறந்து நேரே பார்க்கச் சொல்லிக் குறித்துக்கொள். இமை தளர்ந்திருப்பதால், மூடியிருக்கும்போது போட்ட கோடு திறந்ததும் மடிப்புக்குள் போய்விடும்.

வருகிறவர்கள் பூசிப் பார்க்க வைத்திருக்கிற டெஸ்டர் லிப்ஸ்டிக்கை யார் உதட்டிலும் நேரே வைக்காதே. சுரண்டி எடுத்து, ஒருமுறை பாவித்து எறிகிற பிரஷ்ஷால் பூசு. பிறகு அந்த லிப்ஸ்டிக்கின் மேல்பாகத்தில் 70 சதவீத அல்கஹோல் தெளித்துத் துடை. மஸ்காராவின் குச்சியை ஒருவர் கண்ணிலிருந்து இன்னொருவர் கண்ணுக்குக் கொண்டுபோகவே கூடாது. நாளைக்கு ஒரு மணப்பெண்ணின் கண் வீங்கினால் உன்னுடைய பெயர் போய்விடும்.

அம்மா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. கவுண்டரில் ஒரு முகத்துக்குப் பத்து நிமிடம்தான் கிடைக்கும். கொண்டை, சேலைக்கட்டு, விடியற்காலை மூன்று மணிக்குத் தொடங்கி ஒரு முழு அலங்காரத்தை முடிப்பது இதெல்லாம் அங்கே வராது. அதை ஒரு நல்ல அலங்காரக்காரியின் பக்கத்தில் நின்று பழகு. சான்றிதழ் வேண்டுமென்றால், வேலை அனுபவத்தைக் காட்டி, செய்முறையில் மதிப்பிடப்பட்டு என்.வி.கியூ. என்கிற தேசிய தொழில் தகைமைச் சான்றிதழை எடுக்கிற வழியும் இருக்கிறது. அரசாங்கத் தொழிற்பயிற்சி நிறுவனமான நைட்டாவின் அலுவலகத்தில் ஆர்.பி.எல். (முன் அனுபவத்தை அங்கீகரிப்பது) என்று கேள். அதற்காகவே முதல் நாளிலிருந்து ஒரு சி.ஆர். கொப்பி வைத்துக்கொள். வந்தவரின் தோல் எப்படி, என்ன நிறம் கொடுத்தாய், திரும்பி வந்து என்ன சொன்னார் என்று எழுது. நான் மூன்று கொப்பி நிரப்பினேன். இன்றும் சந்தேகம் வந்தால் அதைத்தான் புரட்டுகிறேன்.

கேள்வி: நுவரெலியாவில் கவுண்டரில் நிற்கிறேன். உள்ளே என்ன இருக்கிறது என்று அச்சிடாத ஒரு வெள்ளையாக்கும் கிரீமைத்தான் அதிகம் விற்கச் சொல்கிறார்கள். விற்கலாமா? நானும் பூசலாமா?
(வாசகி, நானுஓயா)

பதில்: இரண்டும் வேண்டாம். நானும் அப்படி ஒன்றை விற்றிருக்கிறேன். வாங்கிய பிள்ளைக்கு இரண்டு கிழமையில் முகம் பளபளத்தது. தோழிகளையும் கூட்டிக்கொண்டு வந்தாள். சில மாதம் கழித்துச் சிவந்து தடித்த கன்னத்தோடு கவுண்டருக்கு முன்னால் நின்றாள். அந்த முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை.

இப்படிப்பட்ட கிரீம்களில் பாதரசமோ ஸ்டீரொய்டோ இருக்கலாம். பாதரசம் தோல் வழியே உள்ளே போய்ச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். "தங்கம், வெள்ளி நகையில் படக்கூடாது" என்று டப்பாவில் எழுதியிருந்தால் உடனே கீழே வை. பாதரசம் தங்கத்தோடு ஒட்டிக் கலந்துவிடும் என்பதால் வருகிற எச்சரிக்கை அது. தாலியில் படக்கூடாததைக் கழுத்துக்கு மேலே எப்படிப் பூசுவது? பாதரசத்தைக் கட்டுப்படுத்த நாடுகள் சேர்ந்து செய்த மினமாட்டா உடன்படிக்கை, கிலோவுக்கு 1 மில்லிகிராமுக்கு மேல் பாதரசம் உள்ள அழகுசாதனங்களைச் செய்வதையும் ஏற்றுமதி, இறக்குமதி செய்வதையும் 2020உடன் நிறுத்தச் சொன்னது. லேபல் இல்லாத சாமான் பிடிபட்டால் கடைக்குத்தான் கேடு என்று முதலாளியிடம் பக்குவமாகச் சொல். ஏற்கெனவே பூசுகிறவர்கள் வந்தால், டப்பாவையும் எடுத்துக்கொண்டு தோல் டொக்டரிடம் போகச் சொல்.

அதற்குப் பதிலாக சன்ஸ்கிரீனை விற்றுப் பழகு. குளிர்கிறதே, வெயில் எங்கே என்று நுவரெலியாவில் கேட்பார்கள். ஆயிரம் மீற்றர் ஏற ஏற புறஊதாக் கதிர் பத்து சதவீதம் அளவுக்குக் கூடும், நீ நிற்கிற இடம் 1,868 மீற்றர் உயரம் என்று சொல். அவர்கள் முகம் கறுப்பதற்குப் பாதிக் காரணம் அங்கேதான் இருக்கிறது.

கேள்வி: மகளின் சடங்குக்கு நானே மேக்கப் போட்டேன். நேரில் அழகாக இருந்தாள். போட்டோவில் மட்டும் மூக்கும் கண்ணடியும் மாவு பூசியதுபோல வெள்ளை. ஏன்?
(வாசகி, டிக்கோயா)

பதில்: நிறமில்லாத வெள்ளைப் பவுடர் போட்டிருப்பீர்கள் அக்கா. அதில் உள்ள சிலிக்கா ஃபிளாஷ் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும். சில சன்ஸ்கிரீனில் உள்ள டைட்டானியம் டையொக்சைட்டும் அப்படித்தான். அடுத்த முறை வீட்டை விட்டு இறங்குமுன் ஓர் அறையின் லைட்டை அணைத்துவிட்டு, போனில் ஃபிளாஷ் போட்டு ஒரு படம் எடுத்துப் பாருங்கள். வெள்ளை தெரிந்தால் ஈர ஸ்பொஞ்சால் ஒற்றி எடுத்துவிட்டு, பிள்ளையின் நிறத்துப் பவுடரை மெல்லத் தட்டுங்கள்.