பைத்தன் கேள்வி-பதில்: படத்தில் விழாத கடைசி வரி

நெல்லியடி மாணவி: என் மடிக்கணினி 4 ஜிபி ராம். இணையம் கைபேசி டேட்டாதான். அனகொண்டா போடலாமா?

வேண்டாம். பைத்தன் நிரல்மொழியும் அதற்கான பொதிகளும் (ஆயத்த நிரல்கள்) ஒரே கட்டாக வருவதுதான் அனகொண்டா. அதன் நிறுவியே கிட்டத்தட்ட 1 ஜிபி; விரிந்தால் இன்னும் பல ஜிபி பிடிக்கும். அதிலுள்ள பொதிகளில் முதலாம் வருடத்தில் நீங்கள் தொடப்போவது நாலைந்துதான். அதன் சிறு வடிவமான மினிகொண்டா சுமார் 100 எம்பி. அதைப் போட்டு, தனிச்சூழல் ஒன்று (ஒரு வேலைக்கான பொதிகளைப் பிரித்து வைக்கும் கோப்புறை) உருவாக்கி, நம்பை (எண் அணிகளுக்கு), சைபை (அறிவியல் கணிப்புக்கு), மேட்பிளாட்லிப் (வரைபுகளுக்கு), ஜுப்பிட்டர் (உலாவியில் நிரல் எழுதி ஓட்ட) மட்டும் இறக்குங்கள். மினிகொண்டாவோடு வரும் 'பேஸ்' சூழலில் எதையும் திணிக்காதீர்கள்.

சாவகச்சேரி வாசகர்: பைத்தன் நிறுவிவிட்டேன். கட்டளைச் சாளரத்தில் பெயரைத் தட்டினால் மைக்ரோசொஃப்ட் கடை திறக்கிறது.

நிறுவியின் முதல் திரையில் 'பாத்' (விண்டோஸ் நிரல்களைத் தேடும் இடங்களின் பட்டியல்) கட்டத்துக்குச் சரி போடாமல் விட்டிருப்பீர்கள். நிறுவியை மறுபடி ஓட்டிச் சேருங்கள்.

பருத்தித்துறை வாசகர்: நம்பை வேலை செய்யவில்லை. மூன்று முறை அழித்து நிறுவிவிட்டேன். படம் இணைத்திருக்கிறேன்.

படம் பார்த்தேன். சரிவாக எடுத்திருக்கிறீர்கள், திரையில் டியூப்லைட் பளிச்சிடுகிறது, பிழைச்செய்தியின் கடைசி வரி வெட்டுப்பட்டிருக்கிறது. எந்தெந்த வரி வழியாக வந்து விழுந்தது என்பதைப் பைத்தன் மேலிருந்து அடுக்கும். ஏன் விழுந்தது என்பதைக் கடைசி வரியில்தான் சொல்லும். அதை விட்டுவிட்டு 'வேலை செய்யவில்லை' என்று எழுதுவது, வைத்தியரிடம் போய் எங்கே நோகிறது என்று சொல்லாமல் குந்தியிருப்பது போன்றது. எத்தனை தடவை எழுதிவிட்டேன்!

நல்லகாலம், சாளரத்தின் தலைப்பில் உங்கள் கோப்பின் பெயர் தெரிகிறது: அதுவும் 'நம்பை'! பைத்தன் முதலில் தேடுவது, ஓடும் கோப்பு இருக்கும் கோப்புறையை. அங்கே உங்கள் கோப்பையே நம்பை என்று எடுத்துக்கொண்டு, அதற்குள் அணிகளைத் தேடித் தோற்கிறது. முந்நூறு முறை நிறுவினாலும் இதே கதைதான். பெயரை மாற்றுங்கள், ஓடும். 'ரேண்டம்', 'ஸ்டாடிஸ்டிக்ஸ்' என்றும் வைக்காதீர்கள்; அவை பைத்தனோடு வருபவற்றின் பெயர்கள். முன்னதை வைத்து ஒரு முழுப் பின்னேரத்தைத் தொலைத்தவன் நான்.

கொக்குவில் வாசகர்: உபுண்டு லினக்ஸில் பிப் (பொதிகளை இறக்கி நிறுவும் கருவி) எதையும் நிறுவ மறுக்கிறது. சுடோ போட்டு, நிர்வாகி உரிமையோடு வற்புறுத்தலாமா?

கூடாது. அந்தப் பைத்தன் உபுண்டு தன் சொந்த வேலைக்கு வைத்திருப்பது. பைத்தனின் 'வென்வ்' கருவி கொண்டு தனிச்சூழல் அமையுங்கள். மறுபடி சொல்கிறேன்: ஒரு வேலைக்கு ஒரு தனிச்சூழல். குழம்பினால் அந்தக் கோப்புறையை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கலாம்.

மானிப்பாய் மாணவர்: மெட்லெப் என்ற கட்டணக் கணிப்பு மென்பொருளின் 'உடைத்த' பிரதி பென்டிரைவில் கிடைத்திருக்கிறது. நம்பலாமா?

குப்பையில் போடுங்கள். மெட்லெப் போன்ற ஒக்டேவ் இலவசம், சாதாரண ஒப்படைகள் பெரும்பாலும் அப்படியே ஓடும். மெட்லெப்பின் பாவனைக் கருவியான சிமுலிங்க் மட்டும் கிடையாது.

சுன்னாகம், உயர்தர மாணவர்: 0.1 + 0.2 கேட்டால் 0.30000000000000004 என்கிறது. ராம் பழுது, மாற்ற வேண்டும் என்கிறார் கடைக்காரர்.

மூன்றில் ஒன்றைத் தசமத்தில் எழுதி முடிக்க முடியாதது போல, 0.1ஐ இருமத்தில் (கணினியின் 0, 1 எண்முறை) எழுதி முடிக்க முடியாது. கணினி கிட்டிய மதிப்பையே வைப்பதால் வருவதுதான் அந்த வால். சமமா என்று பார்க்க, இரண்டு எண்கள் போதிய அளவு நெருக்கமா என்று சொல்லும் நம்பையின் 'இஸ்குளோஸ்' இருக்கிறது. ராமை விடுங்கள், கடையை மாற்றுங்கள்.