ஏற்காட்டில் வீகனுக்கும் ஜைனருக்கும் ஒரே சமையல்

உங்கள் மகனின் நண்பர்களில் ஒருவர் வீகன் (விலங்குகளிடமிருந்து வரும் எதையும் சாப்பிடாதவர்), ஒருவர் ஜைனர். ஒரே சமையல் போதுமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாகப் போதும் சார். வீகனுக்குப் பால், தயிர், நெய், தேன், முட்டை ஆகாது. 'ஒரு ஸ்பூன் நெய்தானே' என்று தாளிப்பில் விட்டுவிடுவார்கள், அங்கேதான் கவனம் வேண்டும். ஜைனருக்குப் பால், நெய் பொதுவாகச் சரி. வெங்காயம், பூண்டு, கிழங்குகள் கூடாது. நம்ம சேலம் தட்டுவடை செட் அவருக்கு வேண்டவே வேண்டாம், இரண்டு தட்டைகளுக்கு நடுவே இருப்பதே கேரட், பீட்ரூட், வெங்காயம்தான்.

சோறு, பெருங்காயம் போட்ட பூசணிக்காய் சாம்பார், பீன்ஸ் பொரியல், எல்லாம் கடலை எண்ணெயில். பாயசத்துக்கு 100 கிராம் பாசிப்பருப்பு, 150 கிராம் வெல்லம், ஒரு தேங்காய்ப் பால். முதல் பாலை அடுப்பை அணைத்தபின் ஊற்றுங்கள், கொதித்தால் திரிந்துவிடும்.

ஜைனர்கள் பலர் இருட்டியபின் சாப்பிடுவதில்லை. மலையில் சீக்கிரமே இருட்டும், ஐந்தரைக்கே இலை போட்டுவிடுங்கள்.