லோராவா, என்பி-ஐஓடியா? பணத்தை எதில் போடுவது?

கேள்வி: நண்பர்கள் நான்கு பேர் சேர்ந்து பங்குகளில் முதலீடு செய்கிறோம். தண்ணீர் மீட்டர், சென்சார் மாதிரியான கருவிகளை இணைக்கும் கம்பியில்லாத் தொழில்நுட்பத்தில் இனி லோராதான் என்று இருவர், என்பி-ஐஓடிதான் என்று இருவர். பல மாதமாக இதே சண்டை. எது ஜெயிக்கும் என்று சொல்லுங்கள், மொத்தப் பணத்தையும் அதில் போட்டுவிடுகிறோம்.

பதில்: அந்த "மொத்தப் பணத்தையும்" என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிடுங்கள். எது ஜெயிக்கும் என்று சரியாகக் கணித்தவர்களும் இந்தத் துறையில் காசை இழந்திருக்கிறார்கள், தோற்ற கட்சியில் இருந்தவர்களும் சம்பாதித்திருக்கிறார்கள்.

செல்போன் சிப் செய்யும் குவால்காமைப் பாருங்கள். செல்போன் நெட்வொர்க் சிடிஎம்ஏ முறையிலா ஜிஎஸ்எம் முறையிலா என்ற பழைய போட்டியில் அது சிடிஎம்ஏ பக்கம். வாடிக்கையாளர் எண்ணிக்கையில் உலகம் முழுக்க ஜெயித்தது ஜிஎஸ்எம்தான். ஆனால் அதே ஜிஎஸ்எம் கட்சி 3ஜிக்குப் போனபோது கையில் எடுத்தது சிடிஎம்ஏ முறையை, அதனால் எதிராளிகளே குவால்காமின் காப்புரிமைகளுக்காக அதற்கு ராயல்டி கட்டும்படி ஆனது. இன்னொரு பக்கம் கிளியர்வயர் என்ற அமெரிக்க கம்பியில்லா இணைய நிறுவனம். வைமேக்ஸ் என்ற கம்பியில்லா இணைய முறைதான் எதிர்காலம் என்று 2008-ல் இன்டெல், கூகுள், காம்காஸ்ட் எல்லாம் சேர்ந்து அதில் 320 கோடி டாலர் போட்டன. போட்டி முறையான எல்டிஇ-க்கு (4ஜி) முன்பே சேவையும் வந்துவிட்டது. ஆனால் பெரிய மொபைல் நிறுவனங்கள் வரிசையாக எல்டிஇ பக்கம் போய்விட்டன. 2007-ல் 25 டாலருக்கு வெளியான கிளியர்வயர் பங்கை 2013-ல் ஸ்பிரின்ட் என்ற மொபைல் நிறுவனம் 5 டாலருக்கு வாங்கியது, அதுவும் முக்கியமாக அதன் கையிலிருந்த அலைக்கற்றைக்காக.

சரி, உங்கள் சண்டைக்கு வருவோம். லோரா உரிமம் தேவைப்படாத அலைவரிசையில் ஓடுவது. ஒரு தொழிற்சாலையே தனக்கென்று கேட்வே (கருவிகளின் சிக்னலை வாங்கி இணையத்துக்கு அனுப்பும் பெட்டி) வைத்துக்கொள்ளலாம். என்பி-ஐஓடிக்கு மொபைல் நிறுவனத்தின் அலைக்கற்றை வேண்டும், அந்த நிறுவனம் சேவையை மூடிவிட்டால் கருவிகள் அந்தரத்தில் நிற்கும் (அமெரிக்காவில் ஏடி&டி அப்படித்தான் தன் என்பி-ஐஓடியை நிறுத்தி, கருவிகளுக்கான இன்னொரு மொபைல் முறையான எல்டிஇ-எம்மை மட்டும் வைத்துக்கொண்டது). இரண்டும் வேறு வேறு இடத்துக்குப் பொருந்துகின்றன, பல வருடம் பக்கத்துப் பக்கத்தில் ஓடும் என்றுதான் நினைக்கிறேன். மூன்றாவதாக இருந்த சிக்ஃபாக்ஸ் 2022 ஜனவரியில் கடனில் மூழ்கி நீதிமன்றப் பாதுகாப்புக்குப் போனது.

இப்போது நீங்கள் வாங்க நினைக்கும் பங்கைப் பற்றி. லோராவின் சிப் தொழில்நுட்பம் செம்டெக் என்ற அமெரிக்க நிறுவனத்தின் கையில். அந்த செம்டெக்கே 2023 ஜனவரியில் சுமார் 120 கோடி டாலருக்கு சியரா வயர்லெஸ்ஸை வாங்கியது. சியரா என்ன செய்து வந்தது தெரியுமா? மொபைல் நெட்வொர்க்கில் ஓடும் மாட்யூல்கள் (கருவிக்குள் பொருத்தும் சிறு தொடர்புப் பலகைகள்), அதாவது லோராவின் எதிர்க்கட்சியின் சரக்கு! லோராவின் சொந்தக்காரரே இரண்டு பக்கமும் கால் வைத்துப் பார்த்திருக்கும்போது நீங்கள் நான்கு பேர் ஏன் கட்சி பிரிந்து நிற்கிறீர்கள்? சியராவை வாங்க செம்டெக் ஏற்றிக்கொண்ட கடனும், பின்னால் அந்தச் சொத்தின் மதிப்பைக் கணக்கில் பெருமளவு குறைக்க வேண்டி வந்ததும் பங்குதாரர்களைப் பாதித்தன. லோரா நன்றாக ஓடுகிறதா இல்லையா என்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

என்பி-ஐஓடி நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. அதற்காக ஒரு மொபைல் நிறுவனத்தின் பங்கை வாங்கினால், நீங்கள் வாங்குவது பெரும்பாலும் போன் கட்டண வருமானத்தைத்தான், மீட்டரிலிருந்து வருவது அதில் ஒரு ஓரம். மாட்யூல் தயாரிப்பாளர்கள் பக்கம் போனாலோ, விலைப் போட்டியில் லாபம் கரைகிறது.

அடுத்த முறை கூடும்போது செம்டெக்கின் கடைசி ஆண்டறிக்கையையும் ஒரு மாட்யூல் நிறுவனத்தின் ஆண்டறிக்கையையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கடன் எவ்வளவு, வட்டி போக என்ன மிஞ்சுகிறது, வருமானத்தில் லோராவின் பங்கு எவ்வளவு, இன்றைய பங்கு விலை எந்த அளவு வளர்ச்சியை ஏற்கெனவே எதிர்பார்க்கிறது என்று நான்கு பேரும் சேர்ந்து எழுதுங்கள். அப்புறமும் வாங்கத் தோன்றினால், மொத்தப் பணத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இதில் போகாதீர்கள்.