கம்பளி உள்ளுடுப்பை எங்கே முறிப்பது?

அன்புள்ள அண்ணா,

ஒஸ்லோவுக்கு வந்து இரண்டு வருடமாகிறது. நொர்வீஜிய வகுப்பில் இலக்கணத்தை ஒருமாதிரிச் சமாளித்துவிடுகிறேன். நீண்ட கூட்டுச்சொற்களில்தான் தடுக்கி விழுகிறேன். மகளின் பாலர் பாடசாலையில் தந்த உடுப்புப் பட்டியலில் 'உல்லுந்தெர்தொய்' என்று இருந்தது. கம்பளி உள்ளுடுப்பு என்று அகராதியில் பார்த்துக்கொண்டேன். ஆசிரியையிடம் அதைப் பற்றிக் கேட்டபோது நான் சொன்னது அவருக்கு விளங்கவில்லை. நாலு வயது மகள் திருத்தினாள். வெட்கமாகப் போய்விட்டது. இந்தச் சொற்களை அசை பிரிக்க விதி உண்டா? இடைவெளி விட்டு எழுதினால்தான் என்ன? தொனி வேறு பார்க்க வேண்டுமாமே? இணையத்தில் கண்ட 60 எழுத்துச் சொல் ஒன்றையும் கீழே ஒட்டியிருக்கிறேன். அதை எப்படிச் சொல்வார்கள்?

ர., ஒஸ்லோ

அன்புள்ள தம்பி,

வகுப்பறைக் கேள்விகளுக்கு நான் பதில் எழுதுவதில்லை. அதற்கு ஆசிரியர்கள் சம்பளம் வாங்குகிறார்கள். ஆனால் கொஞ்ச நாளாக என் மண்டைக்குள்ளும் இதுதான் ஓடிக்கொண்டிருக்கிறது. இந்த நாட்டில் பாதி ஆயுளைக் கழித்த நம் ஆட்கள் இன்னமும் ஒரு சொல்லைக் கல் உடைப்பதுபோல உடைத்துப் பேசுவதைக் கேட்கிறேன்.

அந்த 60 எழுத்துச் சொல்லை விடுங்கள். குறைகடத்திகளில் ஏதோ ஒரு பரவல் கெழுவை அளக்கும் கருவியின் பெயர் அது. பந்தயத்துக்குச் சொல்வார்கள், வாழ்க்கையில் சொல்ல மாட்டார்கள். தொனியையும், அதாவது சொல்லின் பொருளைப் பிரித்துக்காட்டும் குரல் ஏற்ற இறக்கத்தையும், இப்போதைக்கு விடுங்கள். வடகோடி மாகாணமான ஃபின்மார்க்கின் பல பகுதிகளில் அந்த வேறுபாடே கிடையாது. அவர்கள் பேசுவதும் நொர்வீஜியம்தான், ஒஸ்லோக்காரருக்கு விளங்கத்தான் செய்கிறது.

நீங்கள் வழுக்கியது வேறிடத்தில். அசையைத் தேடுகிறீர்கள், தேட வேண்டியது பொருத்தை. 'உல்' கம்பளி, 'உந்தெர்' கீழே, 'தொய்' உடுப்பு. எழுத்தில் 'உல்' இரண்டு எல்லோடு முடிகிறது, அடுத்து உயிரெழுத்து வருகிறது. நீங்கள் ஒரு 'எல்' எழுத்தைத் தூக்கி அந்த உயிரில் ஏற்றி, உல்-லுந்-தெர்-தொய் என்று நாலு சமதுண்டாக நறுக்கிவிட்டீர்கள். 'லுன்' என்று அவர்களிடம் தனிச்சொல்லே இருக்கிறது, இதமான கதகதப்பு என்று பொருள். ஆசிரியையின் காது அந்தப் பக்கம் போயிருந்தால் அவரைக் குறைசொல்ல முடியாது.

பெரிய பொருத்து 'உல்'லுக்குப் பின்னால். அதனால் 'உல்'லில் ஒரே ஒரு கனத்த அடி, அதாவது குரலின் அழுத்தம். பிறகு 'உன்'னில் லேசான ஊன்றல், மிச்சமெல்லாம் இறக்கம். பேச்சில் 'உந்தெர்' தகரத்தை விழுங்கி 'உன்னெர்' ஆகிவிடும். அதன் கடைசி ரகரம் 'தொய்'யின் தகரத்தைச் சந்திக்கிறதா? இரண்டும் கரைந்து டகரமாகிவிடும். உல்-உன்னெட்டொய். 'வின்தெர்' குளிர்காலம், 'நத்' இரவு, சேர்ந்தால் வின்தெணத். 'சொம்மெர்' கோடை, 'சூல்' சூரியன், சேர்ந்தால் சொம்மெஷூல். கண்ணும் நீரும் சேர்ந்து கண்ணீர் ஆவதை யாரும் நமக்குச் சொல்லித்தர வேண்டியிருந்ததா? நாக்கை மடித்து ஒலிப்பதற்கு மற்ற நாட்டவர்கள் வகுப்பில் படாத பாடு படுகிறார்கள். நமக்கு அது தாய்ப்பாலோடு வந்தது. அப்படியிருந்தும் ரகரத்தைத் தனியாக உருட்டி, தகரத்தைத் தனியாகக் குத்தி, 'உந்தெர்… தொய்' என்கிறோமே, ஏன்?

காரணம் அந்தக் கொப்பி. உங்களிடமும் ஒன்று இருக்கும். நொர்வீஜியச் சொல்லுக்கு நேரே தமிழ் எழுத்தில் உச்சரிப்பு. இந்தக் கொப்பிகளை எனக்குக் கண்ணில் காட்டக் கூடாது. நம் எழுத்தில் அடி எங்கே விழுகிறது என்று காட்ட ஒரு புள்ளி கிடையாது. 'பீல்' என்று எழுதிவைத்தால் அது காரா அம்பா என்று ஒரு மாதம் கழித்து எழுதியவருக்கே தெரியாது. எல்லா எழுத்தும் ஒரே உயரத்தில் வரிசையாக நிற்கும், நீங்களும் அதை ஒரே உயரத்தில் வாசிப்பீர்கள். நானும் இங்கே தமிழ் எழுத்தில்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். வாசியுங்கள், தயவுசெய்து கொப்பியில் ஏற்றாதீர்கள்.

எனக்கு இதைப் புத்தகம் கற்றுத்தரவில்லை. 1980களின் கடைசியில் ஃபின்மார்க்கில் ஒரு மீன் தொழிற்சாலையில் வேலை. எனக்குப் பக்கத்தில் நின்று மீன் வெட்டியவர் அறுபதை நெருங்கிய அந்த ஊர் அம்மா ஒருவர். 'தொஷ்க்' என்றால் கொட் மீன். 'ஃபிலே' என்று தனியாகச் சொன்னால் கனம் 'லே'யில் விழும். ஆகவே நாங்கள் 'தொஷ்கெ… ஃபிலே' என்று இரண்டு இடத்தில் குத்திச் சொல்லுவோம். அவர் கத்தியைத் திருப்பிப் பிடித்து, பிடியால் பலகையில் ஒரு தட்டுத் தட்டுவார், 'தொஷ்'ஷில். மிச்சத்துக்கு, மீன்சளி அப்பிய கையுறை விரலால் பலகையைச் சும்மா தொடுவார். நாங்கள் மறுபடி இரண்டு முறை குத்தினால், "இரண்டு மீனா?" என்று கேட்டுவிட்டுத் தன் பாட்டில் வெட்டத் தொடங்குவார். இலக்கணப் பெயர் ஒன்றும் அவர் வாயில் வந்ததில்லை. இன்றைக்கும் புதுச்சொல் ஒன்றைக் கண்டால் என் கை மேசையில் தட்டிப் பார்க்கிறது.

இடைவெளி விட்டு எழுதினால் என்ன என்கிறீர்கள். இதைக் கேட்டால்தான் எனக்குக் கோபம் வருகிறது. 'லம்மெலோர்' சேர்த்து எழுதினால் ஆட்டுக்குட்டித் தொடை இறைச்சி. பிரித்து 'லம்மெ லோர்' என்று எழுதினால் முடங்கிப்போன தொடைகள். 'ரொய்க்ஃப்ரித்' சேர்ந்திருந்தால் புகைத்தல் இல்லாத இடம், பிரிந்தால் தாராளமாகப் புகையுங்கள். அந்த இடைவெளி வெறும் தாள் வெள்ளை இல்லை, இன்னொரு அடி. நொர்வேக்காரர்களே கடைப்பலகைகளில் இந்தப் பிழையை விடுகிறார்கள், தங்களுக்குள் கேலியும் செய்துகொள்கிறார்கள். அது அவர்கள் வீட்டுச் சண்டை. நீங்கள் அதைச் சாட்டாக எடுக்காதீர்கள்.

பொருத்தைக் கண்டுபிடிக்க எழுத்திலேயே தடயம் உண்டு. வைன் கிளாஸ் 'வீன்கிளாஸ்', நடுவில் ஒன்றுமில்லை. சிவப்பு வைன் கிளாஸ் 'ரோவீன்ஸ்கிளாஸ்'. ஏற்கெனவே ஒட்டிய சொல்லோடு இன்னொன்று ஒட்டும்போது பெரும்பாலும் இப்படி ஒரு எஸ் வந்து உட்காரும். பெரிய பொருத்து அதற்குப் பின்னால்தான். இதை அறியாதவர்கள் வருமான வழி என்னும் சொல்லில் விழுவார்கள். 'இன்தெக்த்' வருமானம், நடுவில் ஒட்டும் எஸ், பிறகு 'கே'யில் தொடங்கும் ஊற்று என்ற சொல். எஸ்ஸையும் கேயையும் சேர்த்துப் பார்த்து, அடுத்து 'ஐ' (i) எழுத்து வருகிறதே என்று ஷகரம் போட்டுவிடுவார்கள். மாட்டுத்தோல், 'கூ-ஷின்', அங்கே அது சரி, ஏனென்றால் அங்கே எஸ்ஸும் கேயும் ஒரே சொல்லுக்குச் சொந்தம். இங்கே எஸ் முன்வீட்டுக்காரன். கே தனியாக, நடுநாக்கை அண்ணத்துக்குக் கிட்டக் கொண்டுபோய்க் காற்றை உரசவிடும் ஒலி. (இளவட்டங்கள் இந்த ஒலியையே கைவிட்டு ஷகரம் போடுகிறார்கள், பெரியவர்கள் பத்திரிகைக்குக் கடிதம் எழுதிப் புலம்புகிறார்கள். அது வேறு கதை.)

மகள் திருத்தினாள் என்று வெட்கப்படாதீர்கள். அவள் காதால் கற்றவள், அவளிடம் கேட்டுப் பழகுங்கள். ஆனால் பெற்றோர் கூட்டத்துக்கு அவளை மொழிபெயர்க்க இழுத்துக்கொண்டு போனால் அதற்கு மன்னிப்பில்லை. அந்தக் கூட்டத்தின் பெயர் 'ஃபொரெல்த்ரெமோதெ'. அடி 'ரெல்'லில், முதல் அசையில் இல்லை, ஏனென்றால் பெற்றோர் என்ற சொல்லுக்கே அடி அங்கேதான். முதல் சொல் தன் அடியை எங்கே வைத்திருக்கிறதோ அதுதான் முழுச்சொல்லுக்கும் அடி.

ரகரம் கரைவதைப் பற்றி நான் சொன்னதெல்லாம் ஒஸ்லோவுக்கும் கிழக்குக்கும் வடக்குக்கும்தான். பேர்கனுக்கோ ஸ்தவாங்கருக்கோ வீடு மாறினால் அங்கே ரகரம் தொண்டையில் இருக்கும், எதிலும் கரையாது. அப்போது எழுதுங்கள்.