எல்டர் பூவைக் கழுவாதீர்கள், கொதிக்க விடாதீர்கள்

கேள்வி: இங்கிலாந்துக்கு வந்து இதுதான் எனக்கு முதல் கோடை. பக்கத்து வீட்டுப் பாட்டி, எல்டர் (elder) என்ற மரத்தின் பூவில் செய்த சர்பத் ஒரு டம்ளர் கொடுத்தார். அந்த மணம் இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. தெருக்கோடி வேலியோரம் பூத்திருந்ததைப் பறித்து, நன்றாகக் கழுவி, நன்னாரி போலக் கொதிக்க விட்டேன். கீரை வேகிற வாசம்தான் வந்தது. சரியான முறை என்ன? பொது இடத்தில் பூப் பறிக்கலாமா?
– வாசகி, கோவென்ட்ரி

பதில்: நன்னாரி வேர் எவ்வளவு கொதித்தாலும் தாங்கும். எல்டர் பூவுக்கு மணமே மகரந்தத்தில்தான். கழுவினால் பாதி போய்விடும், கொதித்தால் மிச்சமும் போய்விடும். பூச்சி இருக்குமே என்று தயங்க வேண்டாம். வெள்ளைத் துணியில் அரை மணி நேரம் பரப்பி வைத்தால் அவை தானே நகர்ந்துவிடும், அப்புறம் மெதுவாக உதறினால் போதும்.

அதற்கு முன்னால், நீங்கள் பறித்தது எல்டர்தானா என்று பாருங்கள். இதில் அவசரம் கூடவே கூடாது. இதே மே, ஜூன் மாதங்களில் ஓடைக்கரைகளில் ஹெம்லாக் என்ற கொடிய விஷச் செடியும் வெள்ளைக் குடையாகப் பூக்கும். அது ஆள் உயரத்துக்கு மேலும் வளரும், ஆனாலும் பச்சைத் தண்டுள்ள செடிதான். தண்டில் ஊதாப் புள்ளிகள் இருக்கும். எல்டரோ கட்டை உள்ள மரம். பட்டை தக்கை போல வெடித்திருக்கும். ஓர் ஈர்க்கில் ஐந்து அல்லது ஏழு இலைகள், எதிரெதிரே ஜோடியாகவும் நுனியில் ஒன்றாகவும் இருக்கும். கசக்கினால் நாறும். பூ சிறியது, ஐந்து இதழ், பாலாடை நிறம். இவை எல்லாம் ஒத்துவந்தால் மட்டும் பறியுங்கள். முதல் தடவை அந்தப் பாட்டியையே கூட அழைத்துப் போங்கள்.

மழை பெய்த மறுநாள் வேண்டாம். வெயில் அடிக்கிற, உலர்ந்த காலையில் போங்கள். ஒவ்வொரு கொத்தையும் முகர்ந்து பாருங்கள். எலுமிச்சையும் தேனும் கலந்த மணம் வர வேண்டும். பழுப்பேறிய கொத்தில் பூனை மூத்திர வாடை வரும், அதை விட்டுவிடுங்கள். நான் லெஸ்டரில் கால்வாய்க் கரையில் பறிப்பேன். கார் ஓடும் சாலையோரத்தில் பறிக்கவே மாட்டேன்.

சட்டத்தைப் பொறுத்தவரை, இங்கிலாந்தின் 1968 திருட்டுச் சட்டப்படி, தானாக வளர்ந்த மரத்தின் பூவை விற்பனைக்கு இல்லாமல் பறிப்பது திருட்டு ஆகாது. ஆனால் அடுத்தவர் நிலத்துக்குள் நுழைய அது அனுமதி தராது. பூங்காக்களுக்குத் தனி விதிகள் உண்டு, பலகையைப் படித்துவிடுங்கள். லண்டனின் ராயல் பூங்காக்களில் பறிக்கத் தடை.

இனி செய்முறை. ஒரு லிட்டர் தண்ணீரில் ஒன்றரைக் கிலோ சர்க்கரையைக் கரைத்துக் கொதி வந்ததும் இறக்கி, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிடுங்கள். இருபது கொத்துகளின் தடித்த காம்புகளை நறுக்கி எறியுங்கள். இலையிலும் காம்பிலும் சயனைடு உண்டாக்கும் பொருள் இருக்கிறது, சோம்பல் படாமல் நறுக்குங்கள். பூ, வட்டமாக வெட்டிய இரண்டு எலுமிச்சை, 50 கிராம் சிட்ரிக் அமிலம் எல்லாவற்றையும் பாகில் போட்டு மூடி, ஒரு நாள் ஊறவிட்டு, மல் துணியில் வடிகட்டுங்கள். பிழியாதீர்கள், கலங்கிவிடும்.

சிட்ரிக் அமிலம் தமிழ்க் கடையில் எலுமிச்சை உப்பு என்று கிடைக்கும். குஜராத்திக் கடையில் லிம்பு நா ஃபூல் என்று கேளுங்கள்.

வெந்நீரில் கொதிக்க வைத்த பாட்டிலில் ஊற்றி ஃபிரிட்ஜில் வைத்தால் ஆறு வாரம் இருக்கும். நுரை கட்டினாலோ திறக்கும்போது சீறினாலோ புளிக்க ஆரம்பித்துவிட்டது, கொட்டிவிடுங்கள். நிறைய செய்தால் பிளாஸ்டிக் பாட்டிலில் கொஞ்சம் இடம் விட்டு ஃப்ரீசரில் வையுங்கள். குடிக்கும்போது ஒரு பங்குக்கு எட்டுப் பங்கு குளிர்ந்த தண்ணீர், கூடவே இரண்டு புதினா இலை.

ஒரே மரத்தை மொட்டையடிக்காதீர்கள். மேல்கொத்துகள் ஆகஸ்ட் கடைசியில் கருநீலப் பழமாகும், பறவைகள் அதற்காகக் காத்திருக்கும். அந்தப் பழம் உங்களுக்கும் வேண்டுமென்றால் பச்சையாகத் தின்னாமல் வேகவைத்தே சாப்பிடுங்கள்.