ஜெலட்டின் கட்டியில் குண்டு எவ்வளவு ஆழம் போகும்? கேள்வி பதில்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் துப்பாக்கி சுடும் பயிற்சி அளிக்கிறேன். தசைக்கு ஈடாக ஜெலட்டின் கட்டியை வைத்துச் சுட்டு, குண்டு எவ்வளவு ஆழம் போகிறது என்று அளப்பது எங்கள் வழக்கம். வந்த கேள்விகளில் என் துறைக்குள் அடங்கியவற்றுக்கு இங்கே பதில்.

சாட்ஸ்வொர்த் வாசகர்: அண்ணா, 9 மி.மீ. கைத்துப்பாக்கி, ஏகே-47, எம்-16 மூன்றில் எது ஆழமாகத் துளைக்கும்?

தம்பி, துப்பாக்கியை மட்டும் வைத்து இதற்கு விடை சொல்ல முடியாது. குண்டு எது என்று சொல்லுங்கள். 9 மி.மீ.யில் செம்புறை முழுவதும் மூடிய குண்டு 60 செ.மீ.க்கு மேல் போகும். அதே துப்பாக்கியில் குழிமுனைக் குண்டைப் போட்டால் காளான்போல விரிந்து பாதித் தூரத்தில் நின்றுவிடும். அமெரிக்க ராணுவ மருத்துவர் மார்ட்டின் ஃபாக்லரின் அளவீட்டில் ஏகே-47 குண்டு சுமார் 74 செ.மீ. போனது, எம்-16இன் பழைய குண்டு 34 செ.மீ.தான். இத்தனைக்கும் வேகம் அதிகம் எம்-16 குண்டுக்கே! அது சிறிது தூரத்திலேயே புரண்டு, பக்கவாட்டில் திரும்பி உடைகிறது. ஏகே குண்டு சுமார் 26 செ.மீ. வரை நேராகவே போகிறது. எம்-16 குண்டின் அளவே உள்ள .223 வேட்டைக் குண்டு பாய்ந்த கட்டி ஒன்றைக் கத்தியால் பிளந்து பார்த்திருக்கிறேன். மிளகுபோல ஈயத் துணுக்குகள் பாதை நெடுகச் சிதறிக் கிடந்தன.

ஃபீனிக்ஸ் வாசகர்: வீட்டுக் காவலுக்கு எந்தத் துப்பாக்கி நல்லது?

முதலில் தகுதிச் சான்றிதழ், பிறகு உரிமம். 2000ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. துப்பாக்கி கைக்கு வருவது அதற்கப்புறம்.

டோங்காட் வாசகர்: ஒரே தோட்டாவுக்கு இரண்டு காணொளிகளில் இரண்டு ஆழம் காட்டுகிறார்களே?

கட்டியைச் சோதித்தார்களா என்று பாருங்கள். ஒரு பங்கு ஜெலட்டின், ஒன்பது பங்கு தண்ணீர், 4 டிகிரி செல்சியஸ் குளிர்ச்சி. பிறகு 4.5 மி.மீ. எஃகு உருண்டை ஒன்றை விநாடிக்கு சுமார் 180 மீட்டர் வேகத்தில் சுட வேண்டும். அது 8.5 செ.மீ. ஆழத்தில் நிற்க வேண்டும், ஒரு செ.மீ. கூடலாம், குறையலாம். டர்பனின் ஜனவரி வெயிலில் கட்டியை வெளியே வைத்தால் இளகிவிடும். எந்தக் குண்டும் ஆழமாகப் போனதாகவே காட்டும். உருண்டைச் சோதனை இல்லாத எண்ணை நம்பாதீர்கள்.

மெரிபேங்க் வாசகி: புரட்டாசியில் எங்கள் வீட்டில் மாமிசம் புழங்காது. என் கணவர் ஜெலட்டின் கட்டியைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கிறார். அது எதிலிருந்து வருகிறது?

அக்கா, இந்தச் சோதனைக்கு வாங்கும் தூள் பெரும்பாலும் பன்றித் தோலிலிருந்து எடுப்பது. சமையலறைக்குள் வர விடாதீர்கள். கனிம எண்ணெயில் செய்த செயற்கைக் கட்டி கிடைக்கிறது. விலங்குப் பொருள் கிடையாது, குளிரூட்டவும் வேண்டாம்.

லேனேசியா வாசகர்: அந்த எண்ணெய்க் கட்டியை வைத்து எதை அளப்பது? அக்காவை ஏமாற்றாதீர்கள்.

ஏமாற்றவில்லை ஐயா. இரண்டு குண்டுகளை அதே கட்டியில் ஒப்பிட அது போதும். பெரும்பாலும் அதில் குண்டு கூடுதல் ஆழம் போகும், குழிமுனை விரிவதும் குறையும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதனால் அந்த எண்ணை, குண்டு போக வேண்டிய ஆழம் என்று அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ. வைத்த 12 முதல் 18 அங்குல வரம்போடு பொருத்திப் பேசக் கூடாது. 1986இல் மயாமி துப்பாக்கிச் சண்டையில் ஒரு 9 மி.மீ. குண்டு இதயத்தை எட்டாமல் நின்றதை ஆராய்ந்தபோது உருவான வரம்பு அது; உண்மையான ஜெலட்டினுக்கானது.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் வாசகர்: லேனேசியாக்காரர் சொல்வதே சரி. இரண்டு கட்டியிலும் எலும்பே இல்லையே!

இல்லைதான். தசையின் எதிர்ப்புக்கு மட்டுமே ஜெலட்டின் ஈடு. இன்னாருக்கு இன்ன காயம் ஏற்படும் என்று அதை வைத்துச் சொல்லக் கூடாது என்பதே என் கட்சியும். ஆனால் எலும்பு இல்லாததால்தான் எல்லாக் குண்டுக்கும் ஒரே சோதனை கிடைக்கிறது. எலும்பு நுழைந்தால் ஒவ்வொரு குண்டும் வேறு தடையில் மோதும். எதை எதோடு ஒப்பிடுவீர்கள்?

ஃபீனிக்ஸ், மற்றொருவர்: எந்தத் துப்பாக்கி வாங்கலாம்?

மேலே சொல்லிவிட்டேன்.

வெருலம் வாசகர்: பின்கட்டிலேயே கட்டி வைத்துச் சுடலாமா?

கூடாது. குண்டு கட்டியைத் துளைத்து வெளியேறலாம்; பக்கத்து வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள். சுடுகளத்துக்குப் போங்கள். அங்கேயும் முதலில் எஃகு உருண்டை.

மெரிபேங்க் வாசகி: செயற்கைக் கட்டியே வாங்கச் சொல்லிவிட்டேன். பழையதை என்ன செய்ய?

பனிக்கட்டிப் பெட்டியில் வைத்துக் கார் கொட்டகையில் இருக்கட்டும், அக்கா. புரட்டாசி முடிந்து அவர் களத்துக்குக் கொண்டுவந்தால், உருண்டை வைத்து நானே சோதித்துத் தருகிறேன்.